ஈறு நோய்க் கிருமியால் மாரடைப்பு வருமா?

கேள்வி (கோத்தகிரி):
என் அப்பாவுக்கு வயது 61. மாரடைப்பு ஏற்பட்டு, சென்ற மாதம் கோவையில் ஸ்டென்ட் வைத்தார்கள். பல ஆண்டுகளாகவே அவருக்கு ஈறில் இரத்தம் கசிகிறது; இந்தக் குளிரில் குழாய்த் தண்ணீர் பட்டாலே கூசுகிறது என்று இடப்பக்கக் கடைவாயில் பிரஷ்ஷை வைப்பதே இல்லை. ஈற்றுக் கிருமிதான் இதயத்துக்குப் போயிருக்கும் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து, முன்பே பல் மருத்துவரிடம் அழைத்துப் போகாமல் விட்டேனே என்று மனம் உறுத்துகிறது. அது உண்மையா? இப்போது பற்களைச் சுத்தம் செய்யலாமா?

பதில் 1 (பல் மருத்துவர், குன்னூர்):
தொடர்பு உண்டு, அதுவே காரணம் என்று நிறுவப்படவில்லை. மாரடைப்பு வந்தவர்களின் பல் நலம் மற்றவர்களுடையதைவிட மோசமாக இருந்ததை 1989-இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். பின்னர், இரத்தக் குழாய்களின் கொழுப்புப் படிவுகளில் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற ஈறு நோய்க் கிருமியின் மரபணுத் தடயமும் கிடைத்தது. புண்பட்ட ஈறு வழியாக, மெல்லும்போதுகூடக் கிருமிகள் இரத்தத்தில் கலக்கின்றன. நாள்பட்ட அழற்சியால், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதமும் உயர்கிறது. ஆனால், தடயம் இருப்பதாலேயே கிருமியைக் குற்றவாளி ஆக்கிவிட முடியாது. புகையிலையும் சர்க்கரை நோயும் ஈறு, இதயம் இரண்டையும் ஒருசேரக் கெடுப்பவை. ஈறு சிகிச்சை மாரடைப்பைத் தடுக்கும் என்பதற்குச் சான்றில்லை என்றே அமெரிக்க இதயச் சங்கம் 2012-இல் அறிவித்தது. ஆகவே உங்களை நொந்துகொள்ள வேண்டாம். அப்பா புகைப்பவரா?

சுத்தம் செய்வதற்கு முன் இதய மருத்துவரைக் கேளுங்கள். அதற்காக, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட்டில் இரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து.

பதில் 2 (ஊட்டி):
என் அம்மாவுக்குச் செயற்கை வால்வு உள்ளது. பல் பிடுங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். இவருக்கும் அது தேவைப்படுமா, டாக்டர்?

பதில் 3 (பல் மருத்துவர், குன்னூர்):
ஸ்டென்ட் மட்டும் உள்ளவர்களுக்குப் பொதுவாகத் தேவையில்லை. வாயிலுள்ள கிருமி செயற்கை வால்வில் குடியேறி இதய உள்ளுறை அழற்சியை உண்டாக்குவது ஐயமின்றி நிறுவப்பட்ட ஒன்று. அம்மாவுக்கு மருந்து கொடுத்தது அதனால்தான். இந்த அழற்சியும் மாரடைப்பும் வேறு வேறு நோய்கள், மக்கள்தாம் குழப்பிக்கொள்கிறார்கள். கோத்தகிரி நண்பருக்கு: வெதுவெதுப்பான நீரும் மென்மையான பிரஷ்ஷும் கொடுத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி, டாக்டர். அப்பாவுக்கு முப்பது ஆண்டுப் பீடிப் பழக்கம்; அதை நான் எழுதாமல் விட்டதே தவறு. இன்று காலை வெந்நீரை விளாவிக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்தபடியே இடப்பக்கமும் துலக்கினார். துப்பிய நுரை சிவந்துதான் இருந்தது. திங்கட்கிழமை இதய மருத்துவரைப் பார்க்கிறோம்.