லாரன்ஸ் பாதிரியார் எந்த இடத்தில் தவறினார்?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை)

எங்கள் வாசகர் வட்டம் ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ நாடகத்தைத் தமிழில் நடிப்பதற்காக ஒத்திகை பார்த்து வருகிறது. லாரன்ஸ் பாதிரியாராக நடிக்கும் நண்பர், அவரை விதியிடம் தோற்றுப்போன நல்லவராகவே காட்ட வேண்டும் என்கிறார். ஜூலியட் உண்மையில் சாகவில்லை, மருந்தால் உறங்குகிறாள் என்று மாந்துவாவில் இருந்த ரோமியோவுக்கு லாரன்ஸ் எழுதிய கடிதத்தைக் கொண்டுபோன ஜான் பாதிரியாரைக் கொள்ளைநோய் ஐயத்தால் ஒரு வீட்டுக்குள் அடைத்து வைத்துவிட்டார்கள் என்றால் அதற்கு லாரன்ஸ் எப்படிப் பொறுப்பாவார் என்பது அவருடைய வாதம். எனக்கு மனம் ஒப்பவில்லை. பெற்றோரிடம் சொல்ல முடியாததையெல்லாம் அந்தப் பிள்ளைகள் இருவரும் அவரிடம்தான் சொன்னார்கள். அப்படி நம்பப்பட்ட ஒருவர் எந்த இடத்தில் தவறினார் என்று நீங்கள் கருதுகிறீர்கள்?

பதில் (சித்தூர்)

ரோமியோவுக்கும் ஜூலியட்டுக்கும் அவர் இரகசியமாகத் திருமணம் செய்துவைத்ததை நான் குற்றமாகக் கருதவில்லை. இரு குடும்பங்களின் பகை அதனால் தீரும் என்று அவர் மெய்யாகவே நம்பினார். தவறு மௌனத்தில் இருக்கிறது. ஜூலியட்டின் உறவினன் டைபால்ட் ரோமியோவின் கையால் இறந்து, அதற்காக ரோமியோ நாடு கடத்தப்பட்ட இரவில், தக்க சமயம் பார்த்து இந்தத் திருமணத்தை ஊரறியச் சொல்லி, இரு வீட்டாரையும் சமாதானப்படுத்தி, இளவரசரிடம் மன்னிப்பும் பெற்றுத் தருவதாக ரோமியோவுக்கு வாக்களித்தவர் அவரே. அந்தச் சமயம் அவருடைய அறைக்கே தேடி வந்தது. ஜூலியட்டை மணக்கப்போவதாக, அவள் தந்தை பார்த்த மாப்பிள்ளையான பாரிஸ் நேரில் வந்து சொல்கிறான். இந்தப் பெண் ஏற்கெனவே மணமானவள், மணம் செய்துவைத்தவன் நான் என்று சொல்ல அதைவிட நல்ல வேளை ஏது? பெண்ணின் மனம் தெரியாமல் செய்வது தனக்குப் பிடிக்கவில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டு, உண்மையைத் தனக்குள் முணுமுணுத்துக்கொள்கிறார்.

அதன் பிறகு, அந்தத் திருமணத்திலிருந்து தப்பிக்க ஜூலியட்டுக்கு அவர் கொடுத்த, செத்தவள்போல் உறங்கச் செய்யும் மருந்து. புதன் இரவு குடிக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அவர் சொல்லிக்கொடுத்தபடி ஜூலியட் பணிவதுபோல் நடித்ததில் மகிழ்ந்துபோன தந்தை, வியாழக்கிழமைத் திருமணத்தைப் புதனுக்கு மாற்றிவிட, அவள் செவ்வாய் இரவே குடிக்க நேர்கிறது. கடிதம் போய்ச்சேர இருந்த அவகாசத்தில் ஒரு நாள் அங்கேயே போய்விட்டது. கொள்ளைநோய் குறுக்கே வந்தது அதற்குப் பிறகுதான்.

பதில் (வேலந்தாவளம்)

சித்தூர் நண்பர் சொல்வது சரி, ஆனால் அந்த அறையில் ஜூலியட் எப்படி நின்றாள் என்பதையும் பார்க்க வேண்டும். பதினான்கு வயது நிரம்பாத பெண், கையில் கத்தியுடன் நிற்கிறாள். தந்தை வீட்டை விட்டுத் துரத்துவேன் என்கிறார், தாய் முகம் திருப்பிக்கொள்கிறாள், பாலூட்டி வளர்த்த செவிலியே பாரிஸைக் கட்டிக்கொள் என்று சொல்லிவிட்டாள். அந்த நேரத்தில் பாதிரியாரும் கைவிட்டிருந்தால் அவள் அங்கேயே உயிரை விட்டிருப்பாள். அவரைக் குற்றம் சொல்வதற்கு முன் அந்த வீட்டாரைச் சொல்ல வேண்டும் என்பதே என் எண்ணம்.

பதில் (குமுளி)

எனக்கு ஆறாத இடம் கல்லறைக் காட்சி. “மெதுவாகப் போ, வேகமாக ஓடுகிறவர்கள் இடறி விழுவார்கள்” என்று ரோமியோவுக்குப் புத்தி சொன்னவர், கடைசியில் இருட்டில் கல்லறைகள்மேல் கால் இடறி இடறி ஓடிவருகிறார். ஜூலியட் கண் விழிக்கிறாள். அவள் செத்துவிட்டதாக நம்பி நஞ்சு குடித்த கணவன் பக்கத்தில் பிணமாகக் கிடக்கிறான். கன்னியர் மடத்தில் சேர்த்துவிடுகிறேன் வா என்று அழைத்தவர், காவலர் வரும் ஓசை கேட்டதும், இனி இங்கே நிற்கத் துணிவில்லை என்று சொல்லிவிட்டு அவளைத் தனியே விட்டுப் போகிறார். ஒரு சில நொடிகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் போதும், ரோமியோவின் கத்தியை எடுத்து அவளால் தன்னைக் குத்திக்கொண்டிருக்க முடியாது. மற்றவற்றுக்கெல்லாம் சூழ்நிலையைச் சொல்லலாம், இதற்குச் சொல்ல முடியாது.

சித்திரைப் பௌர்ணமி அன்று இங்கிருந்து மங்கலதேவி மலைக்குப் போகிறவர்கள் கண்ணகியைப் பேசுவார்கள். சிலப்பதிகாரத்தில் வரும் சமணத் துறவி கவுந்தியடிகளைப் பேசுபவர் குறைவு. புகாரிலிருந்து உடன் நடந்துவந்து, மதுரைப் புறஞ்சேரியில் மாதரி என்னும் இடையர்குலப் பெண்ணிடம் கண்ணகியை அடைக்கலம் தந்தவர் அவர். சிலம்பு விற்கப் போனதிலோ பொற்கொல்லன் செய்த வஞ்சகத்திலோ அவருக்குச் சிறிதும் பங்கில்லை. ஆயினும் கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு, இவர்கள் வினை தம்மோடு வந்து பலித்ததோ என்று நொந்து, உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்தார். மாதரியோ அடைக்கலத்தை இழந்தேன் என்று தீயில் புகுந்தாள். லாரன்ஸும் தம் பிழை இருந்தால் உயிரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று இளவரசரிடம் சொல்கிறார்தான். ஆனால் கவுந்தியடிகளுக்கு அந்த ‘இருந்தால்’ தேவைப்படவில்லை.

கேட்டவர் (கொழிஞ்சாம்பாறை)

அனைவருக்கும் நன்றி. குமுளி நண்பரின் பதிலைப் படித்தபின் கடைசி வாக்குமூலத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன் என்று தொடங்கி நாற்பது வரி பேசுகிறார். மணம், மருந்து, கடிதம் எதையும் மறைக்கவில்லை. கல்லறைக்கு வரும்போது மட்டும், ஓர் ஓசை தம்மை வெளியே விரட்டியது என்றும், அவள் விரக்தி மிகுந்து உடன்வர மறுத்தாள் என்றும் சொல்கிறார். இளவரசரோ, உம்மைப் புனிதராகவே அறிந்திருக்கிறோம் என்று முடித்துவிடுகிறார். பார்வையாளர் அறிந்த கதைதானே என்று இந்தப் பேச்சைப் பாதியாக வெட்டி வைத்திருந்தோம். இப்போது முழுவதையும் திரும்பச் சேர்த்துவிட்டோம். அந்த ஓசையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும், ஜூலியட் கிடக்கும் பக்கம் திரும்பாமல் பேசுமாறு நடிப்பவரிடம் சொல்லியிருக்கிறேன். அவரும் செய்து பார்க்கிறேன் என்றார்.