வன்னி வெயிலுக்கு எந்த 120 பிலிம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

என் கமரா Zeiss Ikon (சைஸ் ஐகான்) நெட்டார், 6×6 செ.மீ. படம், ஒரு றோலில் 12 படம். கூடிய ஷட்டர் வேகம் 1/200, ஆகச் சிறிய லென்ஸ் துவாரம் எஃப் 22. இரணைமடுக் குளக்கட்டில் மத்தியான வெயிலுக்கு 400 வேகப் பிலிம் போட்டால் அந்த இரண்டையும் கடைசி வரை திருப்பத்தான் சரியான அளவு வரும். பழைய ஷட்டர் கொஞ்சம் மெதுவாக மூடினாலே படம் வெளிறிவிடும். அதனால் இல்ஃபோர்டின் 400 பிலிமான எச்பி5 வேண்டாம் என்பது என் முடிவு.

மிச்சம் இல்ஃபோர்ட் எஃப்பி4 பிளஸ் 125, ஃபோமாபான் 100. எது நல்லம்? வேலி நிழலில் முகமும் பின்னால் வெயில் வயலும் ஒரே படத்தில் வரவேண்டும்.

பட இலக்கம் பார்க்கிற பின்பக்கச் சிவப்புக் கண்ணாடி ஜன்னலையும் பாருங்கோ. இப்போதைய பிலிம் சிவப்பு ஒளியையும் பிடிக்கும். ஜன்னலைத் திறந்து விட்டால் நடுவில் வட்டக் கறை. கறுப்பு டேப்பை ஒட்டி, நிழலில் மட்டும் தூக்கி இலக்கம் பார்த்தால் போதுமா?

பிலிம் கழுவுவது ஐடி-11 டெவலப்பரில். எஃப்பி4க்கு 1+1 கலவையில் (பாதிக்குப் பாதி தண்ணீர்), 20 பாகை செல்சியஸில் 11 நிமிடம். இங்கே கிணற்றுத் தண்ணீரே அதைவிடச் சூடு. சூட்டுக்கு ஏற்ப நேரத்தை 5 நிமிடத்துக்குக் கீழே குறைத்தால் வானத்தில் திட்டுத் திட்டாக வரும். ஐஸ் தொட்டியில் தாங்கியை வைத்துக் கழுவுகிறவர்கள் மருந்து போக அலசுகிற கடைசிக் கழுவலுக்கும் தண்ணீரைக் குளிராக்குகிறீர்களா?