பெரிய நினைவகத்தை விடுவிக்கும்போது சிபியு சிக்கிக்கொள்கிறது: உதவி தேவை

கேட்டவர்:
வணக்கம். லினக்ஸ் கர்னலுக்கு ஒரு டிரைவர் மாட்யூல் எழுதியிருக்கிறேன். பயனர் நிரல் தரும் பஃபரை பின் செய்து (நினைவகத்தில் இடம் மாறாமல் நிலைநிறுத்தி) வைத்து, டிஎம்ஏவுக்கு (சாதனமே நினைவகத்தை நேரடியாக அணுகும் முறை) கொடுக்கிறது. நிரல் முடிந்ததும் ரிலீஸ் ஃபங்ஷனில் எல்லாப் பக்கங்களையும் விடுவிக்கிறேன். 8 ஜிபி பஃபரில் மாதக்கணக்கில் சோதித்தேன், ஒரு குறையும் இல்லை. 512 ஜிபி ராம் உள்ள சர்வரில் 256 ஜிபி பின் செய்து, நிரலை நிறுத்தினால் லாகில் இது வருகிறது:

வாட்ச்டாக்: பக்: சாஃப்ட் லாக்அப் - சிபியு#5 ஸ்டக் ஃபார் 22எஸ்!

அதாவது சிபியு 5 வேறு வேலைக்கு இடம் விடாமல் 22 நொடி சிக்கியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் சிபியு 9, 14 இரண்டுக்கும் இதே செய்தி. மூன்று சிபியுவிலும் பிழை என்றால் எங்கே தேடுவது? ரிலீஸில் ஸ்பின்லாக்கை (கிடைக்கும்வரை சிபியு சுழன்றபடியே காத்திருக்கும் பூட்டு) பிடித்துக்கொண்டு பட்டியல் முழுவதையும் சுற்றுகிறேன். பட்டியலில் ஒவ்வொரு துண்டும் 512 பக்கம்.

மறுமொழி 1:
வாட்ச்டாக்_த்ரெஷ் (சிக்கிய சிபியுவைக் கண்டறியும் வாட்ச்டாக்கின் நொடி வரம்பு) இயல்பாக 10. சாஃப்ட் லாக்அப் அதன் இரு மடங்கில், அதாவது 20 நொடியில்தான் கத்தும். அதை 60 ஆக்கிவிடுங்கள், செய்தி வராது.

மறுமொழி 2:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். செய்தி வராமல் போகும், சிபியு சிக்குவது அப்படியே இருக்கும். சுழற்சிக்குள் டச்_சாஃப்ட்லாக்அப்_வாட்ச்டாக் (வாட்ச்டாக்கின் நேரக் கணக்கைப் புதிதாகத் தொடங்கவைக்கும் ஃபங்ஷன்) போடுவதும் இதே கதைதான்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 256 ஜிபி என்றால் 4 கேபி பக்கங்கள் 6,71,08,864. ஒரு பக்கத்துக்கு அரை மைக்ரோ நொடி ஆனாலும் மொத்தம் 33 நொடி. 8 ஜிபியில் இதே வேலை ஒரு நொடிதான், அதனால்தான் உங்கள் சோதனையில் தெரியவில்லை.

அப்புறம் ஸ்டாக் ட்ரேஸ் (சிபியு எந்த ஃபங்ஷனில் நிற்கிறது என்று லாக் காட்டும் பட்டியல்). 9, 14 இரண்டும் நேட்டிவ்_க்யூட்_ஸ்பின்_லாக்_ஸ்லோபாத் என்று காட்டுகின்றனவா? அப்படியானால் அவற்றில் பிழை இல்லை, 5 பிடித்திருக்கும் பூட்டுக்காகக் காத்து நிற்கின்றன. 5-இன் ட்ரேஸை மட்டும் பாருங்கள்.

இன்னொன்று, நீங்கள் பிடிப்பது வெறும் ஸ்பின்_லாக்கா, ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவா? பின்னது என்றால் இன்டரப்டும் அடைபட்டிருக்கும். டிஎல்பி (சிபியு வைத்திருக்கும் முகவரி மாற்றக் குறிப்புகள்) ஃப்ளஷ் கேட்டு ஐபிஐ (ஒரு சிபியு இன்னொன்றுக்கு அனுப்பும் இன்டரப்ட்) அனுப்பிய மற்ற சிபியுக்களும் பதில் வராமல் தொங்கும்.

கேட்டவர்:
நீங்கள் சொன்னபடியே 9, 14 இரண்டும் ஸ்லோபாத்தில்தான் நிற்கின்றன. வெறும் ஸ்பின்_லாக்தான். ஒவ்வொரு துண்டு முடிந்ததும் காண்ட்_ரீஷெட் போட்டுப் பார்த்தேன். டீபக் கர்னலில் ‘ஸ்லீப்பிங் ஃபங்ஷன் கால்ட் ஃப்ரம் இன்வேலிட் கான்டெக்ஸ்ட்’ (தூங்கக்கூடாத இடத்தில் தூங்கக்கூடிய ஃபங்ஷனை அழைத்திருக்கிறீர்கள்) என்று எச்சரிக்கை வருகிறது.

மறுமொழி 2:
வரத்தான் செய்யும். காண்ட்_ரீஷெட் ஷெட்யூலரிடம் சிபியுவை ஒப்படைக்கும் இடம். ஸ்பின்லாக் கையில் இருக்கும்போது ஒப்படைக்கக் கூடாது. டீபக் வசதிகள் இல்லாத, ப்ரீஎம்ப்ட் எண்ணிக்கையே (இப்போது சிபியுவை விட்டுக்கொடுக்கலாமா என்று காட்டும் கணக்கு) வைக்காத கர்னலில் இந்த எச்சரிக்கைகூட வராமல் பூட்டோடு தூங்கப் போயிருப்பீர்கள்.

அந்தப் பூட்டு காப்பது எதை? பட்டியலைத்தானே? பக்கங்களை விடுவிக்க அது தேவையே இல்லை. இப்படி மாற்றுங்கள்: பூட்டைப் பிடியுங்கள், லிஸ்ட்_ஸ்ப்ளைஸ்_இனிட் கொண்டு முழுப் பட்டியலையும் ஒரு உள்ளூர்ப் பட்டியலுக்கு மாற்றுங்கள், பூட்டை விடுங்கள். 1,31,072 துண்டுகள் இருந்தாலும் சில சுட்டிகளை மாற்றுவதோடு வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அந்தத் துண்டுகளை வேறு யாரும் பட்டியல் வழியாகக் கண்டுபிடிக்க முடியாது. நிதானமாகச் சுற்றி, துண்டுக்கு ஒருமுறை காண்ட்_ரீஷெட் போடுங்கள். பக்கத்துக்குப் பக்கம் போட வேண்டியதில்லை. கர்னலின் டிஎல்பி பேட்ச் விடுவிப்பிலும் 512 பக்கத்துக்கு ஒருமுறைதான் இந்த இடைவெளி.

சாதனத்தின் டிஎம்ஏவை நிறுத்திய பிறகே இதெல்லாம். அந்த வரிசை மாறினால் விடுவித்த பக்கத்தில் சாதனம் எழுதிவிடும்.

மறுமொழி 3:
விடுவிக்க எந்த ஃபங்ஷன்? அன்பின்_யூசர்_பேஜஸ்_டர்ட்டி_லாக் என்றால், டர்ட்டி (உள்ளடக்கம் மாறியது என்று குறித்தது) ஆகாத பக்கத்துக்கு அது பக்கப் பூட்டைக் கேட்கும், தூங்கவும் கூடும். காண்ட்_ரீஷெட்டை எடுத்துவிட்டு டீபக் கர்னலில் ஓட்டிப் பாருங்கள், எச்சரிக்கை அப்போதும் வரலாம்.

கேட்டவர்:
அதே ஃபங்ஷன்தான். எடுத்துவிட்டு ஓட்டினேன், எச்சரிக்கை வந்தது! இத்தனை மாதமும் இந்தப் பிழை குறியீட்டில் இருந்திருக்கிறது. டீபக் கர்னலில் ஒருமுறைகூட ஓட்டாமல் இருந்துவிட்டேன்.

ஸ்ப்ளைஸ் முறைக்கு மாற்றிவிட்டேன். 256 ஜிபியில் பத்து முறை நிறுத்திப் பார்த்தேன், லாக்அப்பும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ஆனால் நிரல் முடிய இன்னும் அரை நிமிடம் ஆகிறது. விடுவிப்பை வொர்க்க்யூவுக்கு (பின்னணியில் வேலைகளைச் செய்யும் கர்னல் வரிசை) தள்ளலாமா?

மறுமொழி 2:
வேண்டாம் என்பேன். நிரல் போன பிறகும் 256 ஜிபி பின் ஆகியே கிடக்கும். உடனே மறுபடி தொடங்கினால் நினைவகம் போதாது. பஃபரை 2 எம்பி ஹியூஜ் பேஜில் ஒதுக்கிப் பாருங்கள். உங்கள் ஒரு துண்டு அப்போது ஒரே ஃபோலியோ (கர்னல் ஒன்றாகக் கையாளும் பக்கத் தொகுதி). 512 பக்கத்தின் கணக்கையும் ஒரே தடவையில் குறைத்துவிடும்.

கேட்டவர்:
செய்தேன், ஒரு நொடிக்குள் முடிகிறது. காண்ட்_ரீஷெட்டை அப்படியே விட்டிருக்கிறேன், ஹியூஜ் பேஜ் கிடைக்காத சர்வரும் இருக்கும் அல்லவா. இருவருக்கும் மிக்க நன்றி.