மறுமொழி: இன்வென்டரிக்குத் தமிழ் – இருப்புப் பட்டியலா, காவுபொதியா?

வணக்கம். கணினி விளையாட்டுகளைத் தமிழாக்கும் நம் குழுவில், வேடமேற்பு (ரோல்-பிளேயிங்) விளையாட்டில் ஆள் கூடவே வைத்திருக்கும் பொருள்களைக் காட்டும் இன்வென்டரிக்கு நான் 'காவுபொதி' என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த மறுப்புகளுக்கு இது பதில்.

> வேடமேற்பு விளையாட்டில் வரும் இன்வென்டரிக்கு 'இருப்புப் பட்டியல்' என்றே வைத்துவிடலாம், கணக்கியலில் ஏற்கெனவே உள்ள சொல்தானே.

எனக்கு இதில் உடன்பாடில்லை. இருப்பு என்பது கடையிலோ களஞ்சியத்திலோ கிடக்கிற சாமான். இந்த விளையாட்டுகளில் ஆள் அதைச் சுமந்துகொண்டல்லவா திரிகிறான். ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டையே பாருங்கள், தொடக்கத்தில் 300 அலகு பாரம் தூக்கலாம். டிராகன் எலும்பு ஒன்று 15 அலகு, செதில் ஒன்று 10. குகைக்குள் கண்டதையெல்லாம் பொறுக்கி 300ஐத் தாண்டினீர்களோ, ஓட முடியாது, வரைபடத்தில் ஊரைத் தொட்டு ஒரேயடியாகப் போய்ச் சேரவும் முடியாது. கூட வருகிற ஆளிடம் கொஞ்சம் கொடுக்கலாம், இல்லையென்றால் அங்கேயே போட்டுவிட்டு நடக்கவேண்டும். எதை வைத்திருப்பது எதை விடுவது என்ற அந்த யோசனை விளையாட்டின் உயிர். 1974இல் வந்த டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ் மேசை விளையாட்டிலேயே பாரத்தைப் பொற்காசு எடையில் கணக்குப் பார்த்தார்கள்.

போன மாதம் கிளிநொச்சியில் அண்ணன் வீட்டில் நின்றபோது அவர் மகன் ஸ்கைரிம்தான் விளையாடிக்கொண்டிருந்தான். திரையில் ஆள் ஆமை மாதிரி நகர்கிறது. "சித்தப்பா, இனிக் காவேலாது, எதையாவது விடவேணும்" என்றான். காவுதல் என்றால் எங்கள் பக்கத்தில் சுமத்தல், இனிச் சுமக்க முடியாது என்கிறான். நாங்கள் இங்கே ஒரு வாரமாகத் தேடுகிற சொல் அவன் வாயில் தானாக வந்தது. அதனால்தான் காவுபொதி என்று எழுதினேன்.

வன்னியில் இந்தச் சொல்லின் கனம் வேறு. 2008 கடைசியில் போரால் கிளிநொச்சியை விட்டு விசுவமடுப் பக்கம் வெளிக்கிட்டபோது அப்பா சொன்னது "ஏலுமானதைக் காவுங்கோ" என்பதுதான். சைக்கிள் கரியரில் ஓர் உரப்பை அரிசி, அதற்குமேல் அம்மாவின் தையல் மெஷின் தலை. பாதி வழியில் டயர் தாழத் தொடங்க, முன்பின் தெரியாத ஒரு வீட்டு விறாந்தையில் அம்மா மெஷினை இறக்கி, சேலைத் துண்டால் மூடிவிட்டு வந்தா. அந்தச் சொல் எங்களுக்கு அகராதியிலிருந்து வந்ததில்லை.

> காவு என்றால் தமிழ்நாட்டில் பலிதான் நினைவுக்கு வரும். ஆட்டத்தில் ஆடு வெட்டுகிறார்கள் என்று நினைத்துவிடுவார்கள்.

நியாயமான கவலை. ஆனால் காவடி என்ற சொல் அங்கேயும் இருக்கிறதே, அதில் இருப்பது இந்தக் காவுதான். புறநானூறு 206ஆம் பாட்டில், பரிசில் தராமல் காலம் நீட்டிக்கும் அதியமானின் வாயிற்காவலனிடம் ஔவையார் "காவினெம் கலனே, சுருக்கினெம் கலப்பை" என்கிறார். யாழைத் தோளில் காவிவிட்டோம், கருவிகள் வைக்கும் பையைக் கட்டிவிட்டோம், புறப்படுகிறோம் என்று பொருள். பொதியும் சேர்ந்து வரும்போது பலி என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அதே வரியைக் காட்டி கலப்பை என்றே வைக்கலாம் என்று ஓர் அக்கா தனிமடலில் கேட்டிருந்தா. கலம் வைக்கும் பை, அழகான சொல்தான், மனம் இழுக்கிறது. ஆனால் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற ஊரில் கலப்பை என்றால் உழுகிற கலப்பைதான், அதை மாற்ற எங்களால் ஏலாது.

பொதி பற்றியும் ஒன்று. நிவாரணப் பொதி, உலர் உணவுப் பொதி என்று இங்கே எல்லோரும் சொல்கிற சொல், விளக்கம் தேவையில்லை. எல்லா ஆட்டத்திலும் பாரக் கணக்கு இல்லை என்பதும் உண்மை. முதலாவது டியாப்லோ கணினி விளையாட்டில் பையில் 40 கட்டங்கள், பெரிய வாள் பல கட்டங்களைப் பிடித்துக்கொள்ளும், எடை பற்றிப் பேச்சே இல்லை. பொதி இரண்டுக்கும் பொருந்தும். பாரக் கணக்கு உள்ள இடத்தில் மட்டும் அதன் எல்லையைக் காவுதிறன் என்போம், அதைத் தாண்டினால் வரும் அறிவிப்புக்கு 'பாரம் மிஞ்சிவிட்டது' போதும், அதற்கு வேறு புதுச்சொல் கட்டவேண்டாம்.

சரி, மிச்சம் இருப்பது ஒரு பொத்தான். பொருளைக் கீழே போடுகிற கட்டளைக்கு மொழிபெயர்ப்புக் கோப்பில் இப்போது 'கைவிடு' என்று இருக்கிறது. எடுத்த வேலையைப் பாதியில் கைவிடுவதற்கும் அதே சொல் வேறு இடத்தில் வருவதால் இதை 'இறக்கு' என்று மாற்றலாமா? இறக்கியதைத் திரும்பி வந்து எடுக்கவும் முடியும் என்பதால் எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அப்புறம் கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.