மாமாவின் போர்ஷே கணக்கு

கார்த்தி: குமரன் மாமா, 2002 போர்ஷே 911 ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 996 மாடல், 3.6 லிட்டர், மேனுவல். விற்கிறவர் 17,000 பவுண்டு சொல்கிறார். புது கோல்ஃப் கார் விலைகூட இல்லை! உங்களுடையதும் இதே மாடல்தானே, வருஷத்துக்கு எவ்வளவு ஆகிறது?

குமரன் மாமா: நல்ல கார்டா. ஆனால் புதிதில் 50,000-க்கு மேல் விற்றது. காரின் விலை இறங்கிவிட்டது, பாகங்களின் விலை இறங்கவில்லை. டைப் பண்ணியே அனுப்புகிறேன், எடுத்து வைத்துக்கொள்.

குமரன் மாமா: சாலை வரி 2025-26 கணக்கில் 430. 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான கார் என்பதால்தான் இது. அதற்குப் பிறகு பதிவாகியிருந்தால் 760. இன்சூரன்ஸ் எனக்கு 500 வாக்கில், உனக்கு அதைவிட அதிகமாக வரும். வருஷா வருஷம் செய்ய வேண்டிய எம்ஓடி பரிசோதனை 54.85. சர்வீஸ் ஸ்பெஷலிஸ்ட்டிடம் 400, 500. ஆயிலே எட்டு லிட்டருக்கு மேல் பிடிக்கும். 4,000 மைல் ஓட்டினால் பெட்ரோல் 1,200, சூப்பர்தான் போட வேண்டும்.

வித்யா அக்கா: மாமா, இவன் லண்டன் குரோய்டனில் இருக்கிறானே, யூலெஸ் என்று புகை அதிகம் விடும் காருக்குக் கட்டணம் வாங்குகிறார்களே, அது?

குமரன் மாமா: 2023 ஆகஸ்ட் 29-இல் இருந்து லண்டன் முழுக்க உண்டும்மா, நாளுக்கு 12.50. 996-இல் சிலது தப்பிக்கும், சிலது மாட்டும். லண்டன் போக்குவரத்துத் துறையான டிஎஃப்எல் தளத்தில் நம்பரைப் போட்டுப் பார்க்கச் சொல். கார்த்தி, அதை இன்றைக்கே செய்.

கார்த்தி: அப்போ எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 2,700 மாதிரி. சமாளிக்கலாம் மாமா.

குமரன் மாமா: அது ஒன்றுமே கெடாத வருஷம். அப்படி ஒரு வருஷம் வரும், அடுத்தது வராது. டயர், பிரேக் டிஸ்க், காயில், வாட்டர் பம்ப் என்று ஒன்று மாற்றி ஒன்று. அதற்கு 1,500 தனியாக வை. மைலுக்கு ஒரு பவுண்டு என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

சாந்தி அத்தை: நாங்கள் மாதம் 125 தனி அக்கவுண்டில் போட்டுவிடுவோம் கார்த்தி. அதை வேறு எதற்கும் தொடுவதில்லை. அதனால்தான் இந்தக் காரால் வீட்டில் ஒரு சண்டையும் இல்லை.

குமரன் மாமா: முன் பம்பரின் இரண்டு ஓரத்திலும் காற்று வாய் இருக்கும். உள்ளே ஏசி கண்டென்சர், அதன் பின்னால் ரேடியேட்டர். இலைச்சருகு அங்கே போய் ஈரத்தோடு கிடந்து அலுமினியத்தை அரித்துவிடும். இலை உதிர்ந்து முடிந்ததும் நான் பம்பரைக் கழற்றி வாக்யூம் போடுவேன். அரை நாள் வேலை, ஆனால் பல நூறு பவுண்டு மிச்சம்.

வித்யா அக்கா: இன்ஜின் பிரச்சினை என்கிறார்களே, அது உண்மையா?

குமரன் மாமா: ஐஎம்எஸ் பேரிங், இன்ஜினுக்குள் இடைத்தண்டைத் தாங்குவது. அது உடைந்தால் வால்வு திறந்து மூடும் டைமிங் போய் வால்வும் பிஸ்டனும் மோதும், இன்ஜினே போச்சு. எல்லாக் காரிலும் உடைவதில்லை. உடைந்தால் 10,000-க்கு மேல். கியர்பாக்ஸை இறக்கினால்தான் அதைத் தொட முடியும், அதனால் கிளட்ச் மாற்றும்போதே சேர்த்து மாற்றிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து 2,000 தாண்டும்.

கார்த்தி: விற்கிறவர் கிளட்ச் பில் அனுப்பியிருக்கிறார் மாமா. அதில் பேரிங் என்று எதுவும் இல்லை. “செய்திருப்பார்கள்” என்கிறார்.

குமரன் மாமா: பில்லில் இல்லை என்றால் செய்யவில்லை என்றே வை. அந்த 2,000-ஐ விலையில் குறைக்கச் சொல். அப்புறம் சிலிண்டருக்குள் கேமரா விட்டுப் பார்க்க ஒத்துக்கொள்வாரா என்று கேள். 3.6-இல் சிலிண்டர் சுவரில் கீறல் விழும். ஒரு பக்கப் புகைக்குழாயில் மட்டும் கரி அதிகமாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விட்டுவிடு, வேறு கார் கிடைக்கும்.

கார்த்தி: நீங்களும் வருகிறீர்களா மாமா? சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

குமரன் மாமா: வராமல் இருப்பேனா? ஒன்பதுக்கு உன் வீட்டில் இருப்பேன். நாங்கள் வருவதற்கு முன் இன்ஜினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடு. ஆறிய இன்ஜின் சத்தத்தைத்தான் நான் கேட்க வேண்டும்.