ரிப்பன் மாளிகையின் வெண்மையை நீர்வண்ணத்தில் கொண்டுவர வழி கூறுங்கள்

அனைவருக்கும் வணக்கம். 1913இல் கட்டி முடிக்கப்பட்ட சென்னை ரிப்பன் மாளிகையின் முகப்பை, அக்காலக் கட்டடக்கலைஞர்கள் தீட்டிய முறையில், 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) பருத்தித் தாளில் நீர்வண்ணமாக வரைந்து வருகிறேன். நீர்வண்ணத்தில் வெண்மை என்பது தீட்டாமல் விட்ட தாளே என்பதால், அம்மாளிகையின் உருவம் முழுவதும் நிழலால்தான் எழ வேண்டும். அதற்காகப் பழைய மரபுப்படி, ஒளி இடப்பக்க மேலிருந்து 45 பாகைச் சாய்வில் விழுவதாகக் கொண்டு, ஒவ்வொரு பிதுக்கத்தின் நிழலையும் பென்சிலால் கணித்துக் குறித்துவிட்டேன்.

அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பும் கலந்த சாம்பல் நிறத்தை இரண்டாம் முறை பூசும்போதுதான் சிக்கல்: நன்றாக உலர்ந்த முதல் பூச்சும் கரைந்து, நான் மிகவும் விரும்பும் முகப்பு வளைவுகளின் விளிம்புகள் கலங்கிவிடுகின்றன. மெல்லிய பூச்சுகளைப் பல அடுக்குகளாக ஏற்றுவது நல்லதா, ஒரே பூச்சில் முடிப்பது நல்லதா? கட்டடங்களைத் தீட்டிப் பழகியவர்கள் தூரிகையின் தன்மையையும் சேர்த்து விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.