திருச்சி சிறை ஊழியமும் முகாம் ஊழியமும்: போய் வந்தவர்கள் சொல்வது

ஸ்தோத்திரம். திருச்சிக்கு ரெண்டு நாள் ஊழியப் பயணம் போடுகிற சபைகள் மத்திய சிறையையும் கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமையும் ஒரே மூச்சில் சேர்த்துவிடுகின்றன. அனுமதி தனித்தனி என்பது கேட்டில் நிற்கும்போதுதான் தெரியவரும். சிறைக்கு மனு சிறைத்துறைக்குப் போகணும். முகாமுக்கு வருவாய்த்துறை, அதோடு தமிழகக் காவல்துறையின் உளவுப் பிரிவான க்யூ பிரிவு. சிறை வளாகத்துக்குள்ளேயே இருக்கும் சிறப்பு முகாம் வேறு கணக்கு. அது 1946 வெளிநாட்டவர் சட்டத்தை வைத்து அமைக்கப்பட்டது, சிறைக்கு வாங்கிய அனுமதி அங்கே செல்லாது.

மனுவில் வருகிறவர் ஒவ்வொருவர் பெயரும் ஆதார் எண்ணும் இருக்கட்டும். பட்டியலில் 12 பேர் என்றால் 13வது ஆள் வேனிலேயே உட்கார வேண்டியதுதான், பாஸ்டராக இருந்தாலும். கீபோர்டு, டோலக், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் மனுவிலேயே எழுதுங்கள். போன், ஸ்மார்ட் வாட்ச், பணம் மூன்றும் வண்டியிலேயே இருக்கட்டும். கைதிகளை எண்ணும் பகல் கணக்கெடுப்புக்கு முன் கூட்டம் முடியணும். ஒன்றரை மணி நேரம் கொடுத்தால் சோதனைக்கே அரை மணி போய்விடும். பிரசங்கம் 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். "என்ன கேஸ்?" என்று யாரும் கேட்கக் கூடாது. வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லிச் சின்னச் சீட்டு நீட்டுவார்கள். வாங்கினால் அடுத்த முறை உங்கள் சபைக்கு அனுமதி கிடைக்காது.

*

பிரதர் சொன்னதோடு ஒன்று. புதிய ஏற்பாடு பெட்டி பெட்டியாகப் போகிறது, வாசிக்கக் கண்தான் இல்லை. ஆயுள் கைதிகளில் 45 வயது தாண்டியவர்கள் நிறைய. பொடி எழுத்துப் புத்தகம் 100 கொடுப்பதைவிட, பெரிய எழுத்தில் 40ம், கண்காணிப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லி வாசிப்புக் கண்ணாடி 40ம் கொண்டுபோங்கள். பவர் +1.50, +2.00, +2.50 மூன்றிலும் பிரித்து வாங்கணும், +2.00தான் முதலில் தீரும். ஃபிரேமும் லென்சும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும்.

பெண்கள் சிறையில் 6 வயது வரை பிள்ளைகள் தாயோடு இருக்கலாம். எத்தனை பிள்ளை, என்ன வயது என்று முந்தின வாரமே கேட்டுவிடுங்கள். குத்துமதிப்பாக வாங்கிய செருப்பில் பாதி யார் காலுக்கும் சேராது.

*

முகாமுக்குள் எப்படி நடந்துகொள்வது என்று யாரும் எழுதவில்லையே. முதலில் பெயர்: 2021லிருந்து அது இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். மைக்கில் "அகதிகளே" என்று ஆரம்பித்தால் பின்வரிசை எழுந்து போய்விடும். அங்கேயே பிறந்து கல்லூரி முடித்த பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆண்களில் நிறையப் பேருக்குப் பெயிண்டிங் வேலை, காலை 7 மணிக்கே கிளம்பிவிடுவார்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் போனால்தான் குடும்பமாகப் பார்க்கலாம். பெரும்பாலோர் இந்துக்கள், ஜெபம் வேண்டுமா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பொருள் கொடுத்த கையோடு ஜெப அட்டை நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அரிசி வேண்டாம், ரேஷனில் வருகிறது. பழைய துணி மூட்டை வேண்டவே வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன் 12க்கு 15 அடி தார்ப்பாய், பருப்பு 2 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், நாப்கின் 3 பாக்கெட். இவ்வளவே ஒரு குடும்பப் பதிவுக்குப் போதும். டோக்கனை வீட்டுக் கணக்கில் அடிக்காதீர்கள். ஒரே கூரைக்குக் கீழே தகப்பன் ஒரு பதிவு, கல்யாணமான மகன் தனிப் பதிவு. முகாம் தலைவரிடம் பதிவுப் பட்டியல் வாங்கி அதற்குமேல் பத்து சதவீதம் கூடுதலாக வையுங்கள். குறைந்துபோனால் சண்டை உங்களோடு முடியாது, நீங்கள் போன பிறகு அவர்களுக்குள் நடக்கும்.

*

முகாமைப் பற்றி சிஸ்டர் சொன்னது சரி. சிறையில் இன்னொரு வேலை கிடக்கிறது, பிரசங்கிகள் தொடுவதில்லை. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளே இருக்கிறவர்கள். 2023 ஜனவரி 31ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, 7 நாளில் விடுதலையாகாவிட்டால் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்கணும். ஒரு மாதம் தாண்டினால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்தலாம். நீங்கள் வெளியே வந்ததும் அவர்கள் குடும்பத்தை 15100க்கு, அதாவது இலவச சட்ட உதவி எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள், காவலில் இருப்பவருக்கு வக்கீல் இலவசம். உணர்ச்சிவசப்பட்டுச் சபை ஆட்களையே ஜாமீன்தாரராக நிறுத்தாதீர்கள். ஆள் வாய்தாவுக்கு வராமல் போனால் பத்திரத் தொகை கையெழுத்துப் போட்டவர் தலையில்தான் விழும்.